எத்தனை சாவி?

“முடிஞ்ச மாதிரிதாம்மா.”

கட்டட வேலை நடக்கும் இடங்களில் பதினான்கு வருடமாக இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கொத்தனார் சொல்வார், எலக்ட்ரீஷியன் சொல்வார், பெயின்ட் அடிப்பவர் சொல்வார், சில நாள் என்னுடன் வேலை பார்க்கும் இன்ஜினியர்களே சொல்வார்கள். யாரும் ஏமாற்ற நினைத்துச் சொல்வதில்லை. அவரவர் கண்ணுக்கு வேலை முடிந்த மாதிரிதான் தெரிகிறது. ஆனால் இத்தனை வருடத்தில் நான் பார்த்த வேலைகளில் நாளையும் பணத்தையும் அதிகமாகத் தின்றது எது என்று கேட்டால், மழையையும் சிமெண்ட் விலையையும் பிறகுதான் சொல்வேன். முதலில் சொல்வது இந்த ‘மாதிரி’யைத்தான்.

நான் பிளானிங் இன்ஜினியர். எந்த வேலை எந்தத் தேதியில் தொடங்க வேண்டும், எதற்குப் பின்னால் எது வரும், எத்தனை ஆள் வேண்டும், எந்த மாதம் எவ்வளவு பணம் தேவைப்படும் என்று கணக்குப் போடுவதும், போட்ட கணக்குப்படி நடக்கிறதா என்று வாராவாரம் பார்ப்பதும் என் வேலை. வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு கல்லூரி விடுதியில் நடந்ததுதான் இன்று வரை எனக்கு வழிகாட்டுகிறது. அதைச் சொல்கிறேன்.

நான்கு மாடி, 96 அறை, ஒவ்வோர் அறைக்கும் தனிப் பாத்ரூம். மே 31க்குள் ஒப்படைக்க வேண்டும். ஜூனில் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். மார்ச் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் நான்தான் அறிக்கை வாசித்தேன். கான்கிரீட் 100 சதவீதம், செங்கல் கட்டு 100, உள்பூச்சு 95, எலக்ட்ரிக் 80, டைல்ஸ் 60 என்று வரிசையாகச் சொல்லி, மொத்தத்தில் 85 சதவீதம் முடிந்துவிட்டது, மீதிக்கு 45 நாள் போதும் என்றேன். கலர் கலராக பார் சார்ட் இருந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள்.

கல்லூரித் தாளாளர் வயதானவர். கட்டடம் படித்தவர் இல்லை. சார்ட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “சரிம்மா, எத்தனை ரூம் சாவியை இன்னைக்கு என் கையில கொடுப்பீங்க?” என்று கேட்டார்.

கூட்டத்தில் ஒருவரிடமும் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

கூட்டம் முடிந்ததும் மேஸ்திரி அண்ணனைக் கூப்பிட்டுக்கொண்டு மேலே போனேன். கையில் ஒரு சாக்பீஸ். தரைத்தளத்திலிருந்து ஒவ்வோர் அறையாகப் பார்த்தோம். ஒரு பிள்ளை இன்று ராத்திரி இங்கே தூங்கலாமா என்பது ஒன்றுதான் கேள்வி. கதவு பூட்ட வேண்டும், விளக்கு எரிய வேண்டும், குழாயைத் திறந்தால் தண்ணீர் வர வேண்டும், வந்த தண்ணீர் தேங்காமல் போக வேண்டும், சன்னல் சாத்த வேண்டும். எல்லாம் இருந்தால் நிலையின் ஓரத்தில் ஒரு டிக். ஏதாவது ஒன்று இல்லாவிட்டால் டிக் இல்லை.

107ஆம் அறை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெயின்ட் அடித்து, தரை டைல்ஸ் ஒட்டி, ஃபேன் கூட மாட்டியிருந்தது. அண்ணன் சாக்பீஸை வாங்கி டிக் போடப் போனார். பாத்ரூம் கதவைத் திறந்தேன். சுவர் வெறும் சிமெண்ட் பூச்சோடு நின்றது. தரையில் மண்ணும் உடைந்த டைல்ஸும் காலி பெயின்ட் டப்பாவும் கிடந்தன. அண்ணன் சாக்பீஸை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். நாலு மாடியும் ஏறி இறங்கி முடித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. 96 அறையில் 11 டிக்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 85 சதவீதம் என்ற எண்ணில் கூட்டல் பிழை ஒன்றும் கிடையாது. அந்த எண் எதை அளக்கிறது என்று நான் கேட்காமல் விட்டதுதான் பிழை.

பூச்சு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். பூச்சுக்காரருக்கு சதுர அடிக் கணக்கில் கூலி. அதனால் அவர் பெரிய சுவர்களை முதலில் பூசுவார். மட்டப்பலகையை வைத்து ஒரே இழுப்பு, மதியத்துக்குள் ஒரு சுவர் முடிந்துவிடும். சன்னல் ஓரம், பீம் அடி, மூலை, கதவு நிலையைச் சுற்றிக் கை பிடிப்பது, எலக்ட்ரீஷியன் பைப்புக்காகக் காடி வெட்டிய இடத்தை அடைப்பது எல்லாம் கடைசிக்குப் போய்விடும். அதில் சதுர அடி குறைவு, நாள் அதிகம். ஆகவே அளவுப் புத்தகத்தில் 95 சதவீதம் ஏறியிருக்கும். மிச்சம் இருக்கும் 5 சதவீதத்துக்கு, முதல் 50 சதவீதத்துக்கு ஆன நாள் ஆகும். அந்த 5 சதவீதம் முடியாமல் பட்டி பார்ப்பவர் உள்ளே வர முடியாது, அவர் முடிக்காமல் பெயின்டர் வர முடியாது. இதில் பூச்சுக்காரர் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கூலியை நாம் அப்படி வைத்தோம், அவர் அதற்கேற்ற மாதிரி வேலை செய்தார். இப்போதெல்லாம் அறைக்கு இவ்வளவு என்று பேசி, ஓரம் பிடித்து முடித்த பிறகே கடைசிப் பங்கைத் தருகிறோம்.

மறுநாள் காலையில் சதவீதத்தை மூடி வைத்துவிட்டு மிச்சத்தை எண்ணினேன். பாத்ரூம் டைல்ஸ் முடிந்தது 26, மீதி 70. பாத்ரூம் ஒட்டத் தெரிந்த செட், அதாவது சேர்ந்து வேலை பார்க்கும் ஆட்கள் குழு, இரண்டே இரண்டு. சரிவு பார்த்து, மூலை வெட்டி, ஏழடி உயரத்துக்குச் சுவர் ஒட்டி, தரையும் ஒட்டி முடிக்க ஒரு செட்டுக்கு ஒரு பாத்ரூமுக்கு நாலு நாள். அப்படியானால் 70 பாத்ரூமுக்கு 280 செட் நாள். இரண்டு செட் என்றால் 140 நாள். மார்ச் நடுவிலிருந்து 140 நாள் போனால் ஆகஸ்ட் வந்துவிடும். நான் கூட்டத்தில் சொன்னது 45.

இந்தக் கணக்குக்குக் கம்ப்யூட்டர் வேண்டாம், சிகரெட் அட்டையின் பின்பக்கம் போதும். ஆனால் அதை யாரும் போடவில்லை. மொத்த டைல்ஸ் பரப்பில் அறைத் தரையும் வராந்தாவும்தான் பெரும்பங்கு. அவை சுளுவாக முடிந்து 60 சதவீதம் என்ற எண்ணைக் கொடுத்துவிட்டன. பாத்ரூம் அந்த எண்ணுக்குள் ஒளிந்துகொண்டது.

இன்னும் மூன்று செட் கொண்டுவந்தால் ஐந்து செட், 56 நாளில் முடியும். வெளியூரிலிருந்து வர வேண்டும். பயணம், தங்குமிடம், அவசரத்துக்கு வந்ததால் கொஞ்சம் கூடுதல் கூலி எல்லாம் சேர்த்து 2 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய் அதிகம் ஆகும் என்று வந்தது. கணக்குப் பிரிவில் மறுத்துவிட்டார்கள். டைல்ஸ் தலைப்பில் பணம் தீர்ந்துவிட்டது, பட்ஜெட்டை மீற முடியாது என்றார்கள்.

அப்போதுதான் நான் இன்னொரு கணக்கைப் போட்டேன். இந்த இடத்தில் ஒரு செங்கல்கூட வைக்காமல் ஒரு நாள் சும்மா போனால் என்ன செலவு? ஊழியர் சம்பளம், வாட்ச்மேன், சாமானை மேலே ஏற்றும் ஹாய்ஸ்ட்டின் வாடகை, ஜெனரேட்டர் டீசல், ஷெட், கரண்ட், வங்கி வட்டி. கூட்டிப் பார்த்தால் நாளுக்கு 22,000 ரூபாய். 140 நாள் 56 ஆனால் 84 நாள் மிச்சம். 84 நாளுக்கு 18 லட்சத்து 48 ஆயிரம். 2 லட்சத்தைக் காப்பாற்ற 18 லட்சத்தை விடப்போகிறோம் என்று ஒரே தாளில் எழுதி ப்ராஜெக்ட் மேனேஜர் மேஜையில் வைத்தேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, அன்று மாலையே ஃபோன் போட்டார். நாலாம் நாள் மூன்று செட்டும் வந்து இறங்கின.

நாள் கணக்கு ஒருவரிடமும் பணக் கணக்கு இன்னொருவரிடமும் இருப்பதுதான் பெரும்பாலான இடங்களில் வரும் வினை. நாளும் பணமும் ஒரே கணக்கு. சென்ட்ரிங் சாமானை, அதாவது கான்கிரீட் இறுகும் வரை அதைத் தாங்கி நிற்கும் பலகைகளையும் முட்டுகளையும் பாருங்கள். சாதாரண சிமெண்ட் என்றால் 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு முட்டுகளை 7 நாளுக்கு முன்னால் எடுக்கக் கூடாது, அதற்கு மேல் போனால் 14 நாள் என்கிறது நம் நாட்டுத் தரநிலையான ஐ.எஸ். 456. ஆறு மீட்டருக்கு மேல் நீளும் பீம் என்றால் 21 நாள். ஒரே ஒரு செட் முட்டு வைத்திருந்தால், கீழ்த்தளத்து முட்டு கழலும் வரை மேல்தளம் காத்திருக்கும். கூட அரை செட் வாடகைக்கு எடுத்தால் காத்திருப்பு குறையும், வாடகை கூடும். எது லாபம் என்று தெரிய, சும்மா போகும் ஒரு நாளின் விலை தெரிந்திருக்க வேண்டும். எந்த வேலைக்குப் போனாலும் முதல் வாரத்திலேயே அந்த ஒரு நாள் விலையைக் கணக்குப் போட்டு ஆபீஸ் சுவரில் ஒட்டிவிடுகிறேன்.

புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் போட்டுக்காட்டும் கணக்கு ஒன்று உண்டு. 4,000 சதுர மீட்டர் பூச்சு. 40 நாள், நாளுக்கு 100. சதுர மீட்டருக்கு 300 ரூபாய், மொத்தம் 12 லட்சம். இருபதாம் நாள் மாலை பார்க்கிறோம். திட்டப்படி 2,000 முடிந்து 6 லட்சம் செலவாகியிருக்க வேண்டும். செலவுக் கணக்கைப் பார்த்தால் 5 லட்சத்து 40 ஆயிரம்தான். அறுபதாயிரம் மிச்சம் பிடித்துவிட்டோம் என்று தோன்றும். அளந்து பார்த்தால் முடிந்திருப்பது 1,500 சதுர மீட்டர். அதன் மதிப்பு 4 லட்சத்து 50 ஆயிரம். நாலரை லட்சம் பெறுமான வேலைக்கு ஐந்து லட்சத்து நாற்பதாயிரம் போயிருக்கிறது. சதுர மீட்டருக்கு 300 இல்லை, 360 ஆகிறது. இப்படியே போனால் மொத்தச் செலவு 14 லட்சத்து 40 ஆயிரம். நாளுக்கு 75 என்ற வேகத்தில் முடிக்க 54 நாள் ஆகும்.

திட்டமிட்டது, செலவானது என்று இரண்டு எண்ணை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதால்தான் இந்த ஏமாற்றம். நடுவில் மூன்றாவதாக ஓர் எண் வேண்டும்: முடிந்த வேலையின் மதிப்பு. இதற்கு ஈட்டிய மதிப்பு என்று பெயர். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1967இல் தன் பெரிய ஒப்பந்தக்காரர்களுக்கு இந்த முறையில் கணக்குக் காட்ட வேண்டும் என்று விதி போட்டது. பாடப்புத்தகத்தில் மூன்றெழுத்துச் சுருக்கங்களோடு வரும்போது பயமாக இருக்கும். அடிப்படையில் அது மளிகைக்கடைக் கணக்குத்தான். கொடுத்த காசுக்கு என்ன வந்தது என்பது மட்டும்தான் கேள்வி. வந்ததை அளக்கும்போது பாதி வேலைக்கு மதிப்புப் போடக் கூடாது என்பது நான் சேர்த்துக்கொண்ட விதி. அறை முடிந்தால் முழு மதிப்பு, முடியாவிட்டால் சுழி. கண்டிப்பாகத்தான் இருக்கும். ஆனால் நான்கு வாரத்தில் எல்லோரும் அறையை முடிக்கப் பழகிவிடுவார்கள்.

பணம் கையில் வரும் நேரத்தைப் பற்றிப் பேசாமல் இதை விட முடியாது. கூலியாட்களுக்குச் சம்பளம் சனிக்கிழமை. ஒப்பந்தக்காரருக்குப் பணம் எப்போது? மாதக் கடைசியில் அளந்து, அளவுப் புத்தகத்தில் எழுதி, ஆர்.ஏ. பில் (அதுவரை முடிந்த வேலைக்கான பில்) போட்டு, அது மேஜை மேஜையாகப் போய், திருத்தம் வந்து, மறுபடி போய், பிடித்தம் போகக் கைக்கு வர ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ ஆகும். அதுவரை ஆறேழு சனிக்கிழமை கடந்திருக்கும். கையிருப்பு இல்லாத சின்ன ஒப்பந்தக்காரர் இரண்டாம் சனிக்கிழமை பாதிச் சம்பளம் கொடுப்பார். திங்கட்கிழமை பாதி ஆள் வேறு இடத்துக்குப் போயிருப்பார்கள். ஆள் குறைந்தால் வேலை குறையும், வேலை குறைந்தால் அடுத்த பில் குறையும், பில் குறைந்தால் சம்பளம் இன்னும் குறையும். நல்ல கொத்தனார்களை வைத்திருந்த நல்ல மனிதர்கள் இந்தச் சுழலில் மாட்டிக் கடன்காரர்களாகப் போனதைப் பார்த்திருக்கிறேன். வேலை தாமதமாகிறது என்று அவர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியதும் அதே அலுவலகம்தான். பில்லைப் பத்து நாள் முன்னால் பாஸ் பண்ணியிருந்தால் அந்த நோட்டீஸே தேவைப்பட்டிருக்காது. அதனால் என் பார் சார்ட்டுக்குக் கீழேயே எந்த வாரம் எவ்வளவு வரும், எவ்வளவு போகும் என்ற வரிசையும் இருக்கும். வரவு செலவைவிடக் கீழே இறங்கும் வாரம் சிவப்பில் தெரியும். அந்த வாரத்தை இரண்டு மாதம் முன்பே பேசித் தீர்க்க வேண்டும்.

எந்த வேலை தாமதமானாலும் முழுத் திட்டமும் தாமதமாகும் என்று நினைப்பது இன்னொரு தவறு. சில வேலைகளுக்கு மட்டுமே அந்தச் சக்தி உண்டு. அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஒரு சங்கிலியாக நிற்கும். அந்தச் சங்கிலியைக் கண்டுபிடிக்கும் முறை 1950களின் கடைசியில் அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனத்தின் ரசாயன ஆலை வேலைகளில் பிறந்தது. கிரிட்டிக்கல் பாத் என்று சொல்கிறோம். ஆனால் அது என்ன என்று யாருக்காவது புரியவைக்க நான் டூபான்ட்டைச் சொல்வதில்லை. பாம்பனைச் சொல்வேன்.

1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பன் ரயில் பாலத்தின் கர்டர்களில், அதாவது தூண்களின் மேல் வைக்கும் இரும்பு உத்தரங்களில், நூற்றுக்கும் மேற்பட்டவற்றைக் கடல் கொண்டுபோனது. கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் நடுப்பகுதி தப்பியது. பாலத்தைச் சரிசெய்ய ரயில்வே ஆறு மாதக் கெடு வைத்தது. மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். பொறுப்பு ஏற்றவர் 32 வயது இன்ஜினியர் ஈ. ஸ்ரீதரன். பாலம் 46 நாளில் தயாரானது.

இதைச் சொல்பவர்கள் அவருடைய வேகத்தையும் உழைப்பையும் சொல்வார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. அந்த வேலையில் நாளைத் தின்னப்போவது எது? கர்டர்தான். நாட்டின் வேறு மூலைகளிலிருந்து தேடிக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் புதிதாகச் செய்ய வேண்டும். பாம்பனில் எத்தனை பேர் ராப்பகலாக உழைத்தாலும் கர்டர் வந்து சேரும் நாளுக்கு முன்னால் பாலம் முடியாது. அப்போதுதான் கர்டர்கள் கடலுக்கு அடியில் கிடப்பதை மீனவர்கள் பார்த்துச் சொன்னார்கள். அவற்றை வெளியே இழுத்துத் தூண்களில் திரும்ப ஏற்றினார்கள். ‘கர்டர் எப்போது வரும்’ என்ற கேள்வி ‘கர்டரை எப்படித் தூக்குவது’ என்று மாறிவிட்டது. அது இடத்திலேயே, கையிலிருக்கும் ஆளையும் கருவியையும் வைத்துத் தீர்க்கக்கூடிய கேள்வி. நாள் சுருங்கியது அங்கேதான். கடலைத் தெரிந்த மீனவரின் பேச்சுக்கு இன்ஜினியர் காது கொடுத்ததால் சுருங்கியது. எங்கள் விடுதியில் கர்டர் என்றால் பாத்ரூம் டைல்ஸ் செட். அதைத் தெரிந்துவைத்திருந்தவர் மேஸ்திரி அண்ணன். “ரெண்டு செட்டை வச்சு என்னம்மா பண்றது” என்று ஜனவரியிலேயே ஒரு தடவை சொல்லியிருந்தார். நான் அதைக் குறைபாடு சொல்வதாக எடுத்துக்கொண்டேனே தவிர, கணக்காக எடுத்துக்கொள்ளவில்லை.

அதே ஸ்ரீதரன் பின்னாளில் டெல்லி மெட்ரோவைக் கட்டியபோது அலுவலகங்களிலும் வேலை நடந்த இடங்களிலும் தலைகீழாக ஓடும் கடிகாரங்களை மாட்டி வைத்தார். முடிக்க வேண்டிய நாளுக்கு இன்னும் எத்தனை நாள் என்று அவை காட்டும். இத்தனை சதவீதம் முடிந்தது என்று பெருமைப்பட அதில் இடமே கிடையாது. மிச்சம் மட்டும் தெரியும். 2002 டிசம்பரில் முதல் பாதை திறந்தது. முதல் கட்டம் முழுவதும் கெடுவுக்கு முன்பே முடிந்தது. கடிகாரம் மாட்டினால் வேலை நடந்துவிடும் என்று சொல்ல வரவில்லை. முடிவெடுக்கும் அதிகாரம் வேலை நடக்கும் இடத்திலேயே இருந்தது, பில்கள் தேங்காமல் போயின, அதெல்லாம் சேர்ந்துதான். ஆனால் எந்த எண்ணை எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கிறோமோ அதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள்.

சரி, தொடக்கத்தில் போடும் தேதியே ஏன் எப்போதும் தவறிப்போகிறது? கனடாவில் 1994இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை நன்றாகக் காட்டுகிறது. ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்று வந்தது. எல்லாமே மோசமாகப் போனால்? சராசரி 49 நாள். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். மோசமாக நினைத்துச் சொன்னதைவிடவும் அதிகம். தாமதத்தைக் கற்பனை செய்து பார்க்க நம்மால் முடிவதில்லை. அதனால் நான் யாரையும் கற்பனை செய்யச் சொல்வதில்லை. போன கட்டடத்தில் ஒரு தளத்துக்கு எத்தனை நாள் ஆனது என்று பழைய டைரியை எடுத்துப் பார்ப்பேன். 12 நாளில் முடிப்போம் என்று எல்லோரும் சொல்வார்கள், டைரியில் 17 என்று இருக்கும். நான் 17 போடுவேன். முதல் நாளே கெட்ட பெயர் வரும். அது பரவாயில்லை.

காலண்டரும் அப்படித்தான். பிளானிங் சாஃப்ட்வேரை அப்படியே திறந்தால் திங்கள் முதல் வெள்ளி வரை முழுநாள் வேலை என்று எடுத்துக்கொள்ளும். நம்மூரில் சனிக்கிழமை வேலை உண்டு, சம்பளம் வாங்கிய மறுநாள் தாண்டித் திங்கட்கிழமை பாதி ஆள்தான் வருவார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்ப ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். வடமாநிலத் தம்பிகள் ஹோலிக்கும் சட் பூஜைக்கும் போனால் ரயில் டிக்கெட் கிடைத்த பிறகுதான் வருவார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, அப்போது வெளிப்பூச்சைப் போடக் கூடாது. குவாரி நின்றால் எம்-சாண்டும் ஜல்லியும் வராது. எல்லாம் முன்கூட்டியே தெரிந்த விஷயங்கள்தான். தெரிந்தும் எழுதாமல் விட்டு, பிறகு ‘எதிர்பாராத காரணங்களால்’ என்று கடிதம் போடுகிறோம். தீபாவளி எதிர்பாராமல் வருவதில்லை.

வரைபடம் முடியாமல் வேலையைத் தொடங்குவது இன்னொரு பெரிய பள்ளம். சிட்னி ஒபேரா ஹவுஸ் அப்படி விழுந்த கதைதான். 1957இல் போட்டியில் கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சன் வரைந்த படம் தேர்வானது. 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலரில் 1963இல் முடிப்பதாகத் திட்டம். அந்தச் சிப்பி மாதிரியான கூரையை எப்படிக் கட்டுவது என்று தெரியும் முன்பே, அரசியல் அவசரத்தில் 1959இல் அடித்தளத்தைத் தொடங்கினார்கள். பிறகு கூரையின் வடிவம் முடிவானபோது, கட்டிய தூண்கள் அந்தப் பாரத்தைத் தாங்காது என்று உடைத்து மறுபடி கட்ட வேண்டியிருந்தது. 1966இல் உட்சன் விலகிப் போனார். கட்டடம் 1973இல் திறந்தது, செலவு 10 கோடியே 20 லட்சம் டாலர். இன்று உலகமே வியக்கும் கட்டடம், அதில் சந்தேகமில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் உடைத்த தூண்களைத்தான் நான் நினைக்கிறேன். காகிதத்தில் ஒரு கோட்டை மாற்ற ரப்பர் போதும். கான்கிரீட் ஆன பிறகு பிரேக்கர் மெஷின் வேண்டும்.

நம் அளவில் இது தினமும் நடக்கிறது. சுவர் கட்டிய பிறகு சன்னலை நகர்த்தச் சொல்வார்கள், டைல்ஸ் ஒட்டிய பிறகு வாஷ்பேசினை மாற்றச் சொல்வார்கள். உரிமையாளர் கேட்பது தவறில்லை, அவர் வீடு. ஆனால் கேட்ட அன்றே இதற்கு இத்தனை நாள், இவ்வளவு ரூபாய் என்று எழுதிக் காட்டி ஒரு கையெழுத்து வாங்க வேண்டும். அரசு வேலைகளில் தடைப் பதிவேடு என்று ஒன்று வைப்பார்கள். எந்தத் தேதியில், எதனால் வேலை நின்றது, எப்போது தீர்ந்தது என்று அன்றன்றைக்கு எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். கடைசியில் கால நீட்டிப்புக் கேட்கும்போது அதை எடுப்பார்கள். நான் அதைத் தனியார் வேலையிலும் வைக்கிறேன். பின்னால் சண்டை போடுவதற்காக அல்ல, அந்தந்த வாரமே தடையை எடுப்பதற்காக. எழுதி இரண்டு பேர் கண்ணில் பட்ட தடை பெரும்பாலும் பத்து நாளில் தீர்ந்துவிடுகிறது.

விடுதிக்குத் திரும்புகிறேன். ஐந்து செட் வந்த பிறகு வேலையின் வரிசையையும் மாற்றினோம். நாலு மாடியிலும் பரவி நின்ற ஆட்களை இறக்கி, ஒரு நேரத்தில் ஒரு மாடி என்று வைத்தோம். ஆபீஸ் ஷெட்டில் ஒரு ஒட்டுப்பலகையை மாட்டி, 96 ஆணி அடித்தார் தச்சர். அறை முடிந்து டிக் விழுந்தால் அதன் சாவியை ஆணியில் மாட்ட வேண்டும். பார் சார்ட் பக்கத்திலேயேதான் இருந்தது, ஆனால் உள்ளே வருபவர்கள் முதலில் பலகையைத்தான் பார்ப்பார்கள். முதல் வாரம் பலகையில் மொத்தம் 14 சாவி. மூன்றாம் வாரம் 29. வாரம் ஒன்பது சாவி கூட வரவில்லை என்றால் மே 31 தவறும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தவறத்தான் செய்தது. ஏப்ரல் கடைசியில் ஒரு லாரி டைல்ஸ் வேறு ஷேடில் வந்து திரும்பிப் போனது, அதில் ஒன்பது நாள் போனது. ஆனால் அந்த லாரி திரும்பிய வாரத்திலேயே தாளாளரிடம் சொல்லிவிட்டோம். அவர் முதல் வருடப் பிள்ளைகளை இரண்டு வாரம் தள்ளி வரச் சொன்னார். ஜூன் 14ஆம் தேதி ஒப்படைத்தோம்.

அன்று காலையில் அவர் வந்து பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மேஸ்திரி அண்ணனிடம், “முடிஞ்சுதா?” என்று கேட்டார்.

“தொண்ணூத்தஞ்சு சாவிங்கய்யா. 312ல தாழ்ப்பாள் மாத்திட்டிருக்காங்க. மத்தியானம் தந்திடுறேன்.”

மதியம் இரண்டரை மணிக்கு அண்ணனே படியிறங்கி வந்து, அந்தக் கடைசி ஆணியில் சாவியை மாட்டினார்.